கேம் ஆடுவது இருக்கட்டும், கேமுக்கு இசை அமைக்கலாமே!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் இரண்டு மாதம் ஒரே கதைதான். பிள்ளைகள் கேம் விளையாடுவார்கள். "இதுக்குத்தான் இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் இது நடந்து கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

திருமுருகன்பூண்டியில் எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, டேமேஜைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்காகத் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தெருவில் சாப்ட்வேர் இன்ஜினியர் நான் ஒருவன்தான் என்பதால், பிரிண்டர் இணைத்துத் தரக் கூப்பிட்டார். போன இடத்தில் இந்தக் கேள்வி வந்தது.

"ஏனுங் தம்பி, இந்தப் புள்ள கேம் ஆடறது பத்தாதுன்னு இப்ப கேமுக்குப் பாட்டுப் போடறேங்குது. அதெல்லாம் ஒரு வேலைங்களா? சோறு போடுமாங்க?"

மகள் அவிநாசியில் மூன்று வருடம் கீ போர்ட் கற்றவள். கம்ப்யூட்டர் கீ போர்ட் அல்ல, இசைக் கருவி கீ போர்ட். எங்கள் ஊரில் சுந்தரர் பதிகம் பாடித்தான் வழிப்பறியில் போன பொருளை மீட்டார் என்பது தலபுராணம். அந்த ஊரிலேயே பாட்டு சோறு போடுமா என்ற கேள்வி!

எனக்கு இசை அமைக்கத் தெரியாது. ஆனால் நண்பர்களுடன் சேர்ந்து இரண்டு சின்ன கேம்களை உருவாக்கியிருக்கிறேன். இசையமைப்பாளர் கொடுத்த பைல்களைக் கேமில் இணைத்தது நான்தான். அந்த அனுபவத்தையும், தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதையும் வைத்து அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். கடைசியில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்க ஒரு பாடமும் உண்டு.

முதலில் ஒரு பயத்தைத் தெளிவுபடுத்தி விடுவோம். கேம் என்றதும் பல பெற்றோர்களுக்கு ஆன்லைன் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் கட்டி ஆடும் அந்த வகை வேறு. அதற்குத் தடை விதிக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாம் இங்கே பேசுவது கதை, படம், இசை எல்லாம் சேர்ந்த வீடியோ கேம்களைப் பற்றி.

ஒரே மேடையில் ஒரு தமிழ் கேமும் ஓர் இசையமைப்பாளரும்

2024 மார்ச் 20. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கேம் உருவாக்குபவர்களுக்கான விருது விழா நடந்தது. அன்று சுதந்திரக் கேம்களுக்கான விழாவின் முதல் பரிசை ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் கேம் வாங்கியது. அதன் பெயர் "வெண்பா". அதே மாலையில் நடந்த இன்னொரு விருது விழாவில் சிறந்த அறிமுகக் கேம் என்ற விருதும் அதற்கே கிடைத்தது. அடுத்த மாதம் இங்கிலாந்தின் பாஃப்டா அமைப்பும் சிறந்த அறிமுகக் கேம் விருதை வெண்பாவுக்குத் தந்தது.

இதனை உருவாக்கியது கனடாவின் டொரொண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம். வெளியானது 2023 ஜூலை 31. தமிழ்நாட்டிலிருந்து 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறும் வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டில் பல பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். விட்டுப் போன வரிகளை யூகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைத்து முடிக்க வேண்டும். இதுதான் விளையாட்டு.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் இசை. வெண்பா சமைக்கும்போது ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கும். இவை பழைய சினிமாப் பாடல்கள் அல்ல. கதை நடக்கும் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் பாணியில், இந்தக் கேமுக்காகவே புதிதாக உருவாக்கப்பட்டவை. ஆல்பா சம்திங் என்ற பெயரில் இசை அமைக்கும் கலைஞர்தான் வெண்பாவின் இசையமைப்பாளர். ஆண்டுகள் போகப் போகப் பாட்டின் பாணியும் மாறும். திரையில் ஆண்டைப் போடாமலேயே காலம் நகர்ந்து விட்டது நமக்குத் தெரிந்து விடும்.

சரி, இதில் "தொழில்" எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அதே மார்ச் 20 மாலையில், அதே விழாவில், வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்றவர் ஒரு பெண் இசையமைப்பாளர். ஜப்பானைச் சேர்ந்த யோகோ ஷிமோமுரா. கேம்களுக்கு இசை அமைப்பதையே 35 ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருபவர்.

அங்கேயும் அழுதார்கள்

ஷிமோமுரா 1967ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பியானோ கற்றார். ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ படித்து 1988ல் பட்டம் பெற்றார். பியானோ ஆசிரியை வேலை தயாராக இருந்தது. அந்த நேரத்தில் கேம் நிறுவனங்கள் கல்லூரிகளில் இசையமைப்பாளர்களைத் தேடிக் கொண்டிருந்தன. இவரும் விண்ணப்பித்தார். கேப்காம் என்ற நிறுவனத்தில் வேலை கிடைத்தது.

வீட்டில் மகிழ்ச்சி இல்லை. செலவு செய்து இசைக் கல்லூரியில் படிக்க வைத்த பிள்ளை, யாருக்கும் தெரியாத ஒரு வேலைக்குப் போகிறதே என்ற வருத்தம். கற்றுக் கொடுத்த ஆசிரியர்களுக்கும் அதே வருத்தம்தான். இதனை ஷிமோமுராவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எங்கள் தெரு அம்மாவின் கேள்வி ஜப்பானிலும் கேட்கப்பட்ட கேள்விதான்.

1991ல் கேப்காமின் "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" வெளியானது. அன்று வீடியோ கேம் பார்லருக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும். ஒவ்வொரு சண்டை வீரருக்கும் ஒரு நாடு. நம் நாட்டின் சார்பில் கை கால்களை நீட்டி அடிக்கும் தால்சிம் என்ற யோகி. வீரர் மாறினால் மேடை மாறும், மேடை மாறினால் இசை மாறும். அந்த இசையில் பெரும்பகுதி ஷிமோமுராவுடையது. அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

நீண்ட கதை சொல்லும் கேம்களுக்கு இசை அமைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் 1993ல் ஸ்கொயர் என்ற நிறுவனத்துக்கு மாறினார். 2002ல் வெளியான "கிங்டம் ஹார்ட்ஸ்" அவருக்குப் பெரும் புகழ் தந்தது. அதன் பிறகு கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்தார். "ஃபைனல் ஃபேன்டஸி 15" என்ற கேம் 2006ல் வேறு பெயரில் அறிவிக்கப்பட்டபோதே அதன் இசையமைப்பாளர் அவர்தான். அந்தக் கேம் வெளியானது 2016ல். பத்தாண்டு காத்திருப்பு! இந்தத் தொழிலில் பொறுமையும் ஒரு தகுதி என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சினிமாப் பாட்டுக்கும் கேம் இசைக்கும் என்ன வித்தியாசம்?

சினிமாவில் ஒரு சண்டைக் காட்சி 3 நிமிடம் என்றால், எல்லாத் தியேட்டரிலும் 3 நிமிடம்தான். இசையமைப்பாளர் அந்த நேரத்துக்கு அளந்து இசை அமைப்பார். கேமில் அந்த வசதி கிடையாது. ஒரு கட்டத்தை நீங்கள் 40 விநாடியில் தாண்டலாம். உங்கள் தம்பி அதே இடத்தில் அரை மணி நேரம் மாட்டிக் கொள்ளலாம். இருவருக்கும் இசை நிற்கக் கூடாது, சலிப்பும் தட்டக் கூடாது. கேம் இசையமைப்பாளரின் வேலையே இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதற்கு அவர்கள் மூன்று வழிகளைக் கையாள்கிறார்கள்.

முதல் வழி: லூப். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடரும் இசைத் துண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சர்க்குலர் நிட்டிங் மிஷினிலிருந்து துணி குழாய் போல இறங்கும். அதில் பக்கவாட்டுத் தையல் கிடையாது. விரலை வைத்துச் சுற்றி வந்தால் தொடக்கம் எது, முடிவு எது என்று சொல்ல முடியாது. நல்ல லூப் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி: வேகத்தை மாற்றுவது. 1978ல் வந்த "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" கேமில் இசை என்று இருந்தது இறங்கி வரும் நான்கு சுரங்கள் மட்டுமே. எதிரிகள் குறையக் குறைய அது வேகமாகும். ஆடுபவரின் நெஞ்சும் கூடவே படபடக்கும். 1985ல் வந்த "சூப்பர் மரியோ பிரதர்ஸ்" கேமிலும் நேரம் 100க்குக் கீழே இறங்கியதும் இசை வேகமெடுக்கும்.

மூன்றாவது வழி: அடுக்குகள். ஒரே இசையைத் தாளம், பேஸ், மெட்டு என்று தனித்தனி அடுக்காகச் செய்து, நிலைமைக்கு ஏற்பச் சேர்ப்பதும் எடுப்பதும். 1990ல் வந்த "சூப்பர் மரியோ வேர்ல்ட்" கேமில் மரியோ யோஷி என்ற டைனோசர் மீது ஏறினால், அதே இசையுடன் கூடுதலாக ஒரு தாள ஒலி சேரும். இறங்கினால் போய்விடும். 1991ல் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம், காட்சி மாறும்போது இசையும் வெட்டுத் தெரியாமல் மாறுவதற்கென்றே ஐ-மியூஸ் என்ற அமைப்பை உருவாக்கியது.

மரியோ கேம்களுக்கு இசை அமைத்தவர் கோஜி கோண்டோ. 1984ல் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்து, 40 ஆண்டுகளை அங்கேயே கழித்தவர். மரியோவுக்கு அவர் முதலில் போட்ட மெட்டு, மரியோ ஓடுவதற்கும் குதிப்பதற்கும் பொருந்தவில்லை என்று கைவிடப்பட்டது. கேமை ஆடிப் பார்த்து, அந்த ஓட்டத்துக்கு ஏற்ப மறுபடி போட்டதுதான் உலகமே முணுமுணுக்கும் மெட்டு. 2023ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம் பெற்ற முதல் கேம் இசை அதுதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு சுவையான கணக்கு. சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேம் முழுவதும், படம், இசை, புரோகிராம் எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்தான். இன்று 16 விநாடி ஸ்டீரியோ இசையை சி.டி. தரத்தில் வேவ் பைலாகச் சேமித்தால் சுமார் 2.8 மெகாபைட் ஆகும். அதாவது ஏறக்குறைய 70 மடங்கு! அன்று எப்படி அடக்கினார்கள்? ஒலியைச் சேமிக்கவில்லை. "இந்தச் சுரம், இவ்வளவு நேரம்" என்ற குறிப்பை மட்டும் சேமித்தார்கள். வாசித்தது கேம் மிஷினுக்குள் இருந்த சிப். நோட்டில் சுரம் எழுதி வைப்பதற்கும், பாடியதைப் பதிவு செய்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

வேலை எப்படி நடக்கிறது?

கேம் குழுவிலிருந்து இசையமைப்பாளருக்கு ஒரு பட்டியல் வரும். முதல் மெனுவுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, எதிரி வந்தால் ஒன்று, ஜெயித்தால் 4 விநாடி, தோற்றால் 3 விநாடி என்று இருக்கும். அவர் ஒவ்வொன்றையும் தனிப் பைலாகச் செய்து கொடுப்பார். என்னைப் போன்ற புரோகிராமர் அவற்றைக் கேமில் இணைப்பார். பெரிய கேம்களில் இதற்காக எஃப்மாட், வைஸ் போன்ற சாப்ட்வேர்களைப் பயன்படுத்துகிறார்கள். எந்த நேரத்தில் எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும் என்பதை இசையமைப்பாளரே இவற்றில் அமைத்து விடலாம்.

இதற்காக எல்லோரும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020ல் வெளியிட்ட "ராஜி" கேமின் கதை நம் புராணங்களைத் தழுவியது. அதன் இசையமைப்பாளர் லினோஸ் செலோஸ் கிரேக்க நாட்டவர். இந்தியக் கதைக்குக் கிரேக்கர் இசை அமைக்கலாம் என்றால், பூண்டியில் இருந்து கொண்டு கிரேக்கக் கதைக்கு இசை அமைக்கவும் தடை இல்லை. மொழியும் தடை இல்லை. "சிவிலைசேஷன் 4" என்ற 2005 கேமுக்காகக் கிறிஸ்டோபர் டின் அமைத்த "பாபா யெட்டு" என்ற பாடல் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் உள்ளது. 2011ல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. கேமுக்காக உருவான இசை ஒன்று கிராமி வென்றது அதுவே முதல் முறை. டின்னுக்கு அந்த வாய்ப்பைத் தந்தவர் யார் தெரியுமா? கல்லூரியில் அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர். அந்தக் கேமை வடிவமைத்தவர் அவர்தான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கேம் இசையில் முதல் வாய்ப்பு பெரிய கம்பெனி வாசலில் காத்திருந்தால் மட்டும் வருவதில்லை. கேம் செய்யும் நண்பர்கள் வழியாக வருகிறது. 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் குளோபல் கேம் ஜாம் என்ற நிகழ்ச்சி உலகின் பல ஊர்களில் நடக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் குழுவாகச் சேர்ந்து சில நாட்களில் ஒரு சின்ன கேமை முடிப்பார்கள். படம் வரைபவரும் புரோகிராமரும் கிடைத்து விடுவார்கள். இசைக்குத்தான் பெரும்பாலும் ஆள் இருக்காது. புதியவர்கள் நுழைவதற்கு நல்ல வாசல் இது.

சம்பளமா, பீஸ் ரேட்டா?

அம்மாவின் உண்மையான கேள்வி இதுதான். திருப்பூர்ப் பக்கத்து வார்த்தைகளிலேயே சொல்லி விடுகிறேன்.

ஒன்று, ஷிப்ட் சம்பளம். ஷிமோமுரா கேப்காமில் இருந்தது போல ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை. நிம்மதியானது. ஆனால் இத்தகைய இடங்கள் குறைவு. ஒரு கேம் கம்பெனியில் 30 புரோகிராமர்கள் இருந்தாலும் இசைக்கு ஒருவரோ இருவரோதான் தேவைப்படுவார்கள்.

இரண்டு, பீஸ் ரேட். முடித்துக் கொடுத்த இசைக்கு நிமிடக் கணக்கில் கூலி. உலகில் பெரும்பாலான கேம் இசையமைப்பாளர்கள் இப்படி ஜாப் ஒர்க் செய்பவர்கள்தான். ஆர்டர் இருந்தால் ராத்திரி பகலாக வேலை. இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

மூன்று, பங்கு. சிறிய குழுக்களிடம் முன்பணம் இருக்காது. கேம் விற்றால் இத்தனை சதவீதம் என்று பேசிக் கொள்வார்கள். விற்காவிட்டால் ஒன்றும் இல்லை.

இதில் எதுவாக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பாருங்கள். இசையின் உரிமை யாரிடம் இருக்கும்? அதே இசையைத் தனி ஆல்பமாக வெளியிட இசையமைப்பாளருக்கு அனுமதி உண்டா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. இப்போது நாலு வரி டைப் செய்தால் இசை தயாரித்துத் தரும் ஏஐ புரோகிராம்கள் வந்து விட்டன. சாதாரணப் பின்னணி இசைக்குக் கூலி கொடுக்கத் தயங்குபவர்கள் அவற்றுக்குப் போகிறார்கள். கேம் விற்கும் ஸ்டீம் தளம், ஏஐ மூலம் தயாரான இசை, படங்கள் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் விதியே கொண்டு வந்தது. அதனால் "ஏதோ ஒரு இசை" போடுபவருக்கு இனி சிரமம்தான். கேமை ஆடிப் பார்த்து, எந்த இடத்தில் தாளத்தை எடுத்தால் ஆடுபவர் பயப்படுவார் என்று தெரிந்து செய்பவருக்கு வேலை இருக்கும். அது முதலில் போட்ட மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்த கோண்டோவின் வழி.

உங்கள் கம்ப்யூட்டரில் முதல் லூப்

1986ல் "புன்னகை மன்னன்" படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் உதவியுடன் இசை அமைத்தபோது தமிழ்நாடே அதைப் பேசியது. அன்று அது அபூர்வமான கருவி. இன்று உங்கள் மேஜை மீது இருப்பது அதைவிடப் பல மடங்கு திறன் வாய்ந்தது. தேவையான சாப்ட்வேரும் இலவசமாகவே கிடைக்கிறது. எல்எம்எம்எஸ், ஆடாசிட்டி என்ற இரண்டையும் அவற்றின் சொந்த இணைய தளங்களில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். வேறு தளங்களில் எடுத்தால் வேண்டாத புரோகிராம்களும் சேர்ந்து வரலாம்.

1. எல்எம்எம்எஸ் புரோகிராமைத் திறந்திடுங்கள். மேலே டெம்போ என்ற இடத்தில் 140 என்று இருக்கும். அதை 120 ஆக மாற்றுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்று பொருள். ஒரு தட்டுக்கு அரை விநாடி.

2. சாங் எடிட்டர் விண்டோவில் டிரிப்பிள் ஆசிலேட்டர் என்ற வரிசை தயாராக இருக்கும். அதன் எதிரே உள்ள கட்டத்தில் கிளிக் செய்தால் ஒரு பட்டை தோன்றும். அதன் மீது டபுள் கிளிக் செய்திடுங்கள். பியானோ ரோல் விண்டோ திறக்கும்.

3. இடது பக்கம் பியானோ கட்டைகள். எதிரே கட்டம் போட்ட தாள். பென்சில் கருவி தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்து, இடது கிளிக் செய்தால் சுரம் விழும். வலது கிளிக் செய்தால் அழியும். ஐந்து சுரங்களுக்குள் வருகிற ஒரு சின்ன மெட்டைப் போடுங்கள். மோகனம் தெரிந்தவர்கள் அதையே போடலாம்.

4. மெட்டை 8 பார் நீளத்தில் முடித்திடுங்கள். ஒரு பாருக்கு 4 தட்டு என்றால் 8 பாருக்கு 32 தட்டு. தட்டுக்கு அரை விநாடி. ஆக, சரியாக 16 விநாடி.

5. கடைசி பாரில் மெட்டை முடித்து வைக்காதீர்கள். கீர்த்தனை முடிப்பது போல ஆதார சட்ஜத்தில் வந்து நின்றால், ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு முடிந்து விட்டது போலத் தோன்றும். மறுபடி முதல் சுரத்துக்கு இழுத்துச் செல்லும் சுரத்தில் நிறுத்துங்கள். பல்லவிக்குத் திரும்பும் இடம் போல.

6. பழைய கேம் போல ஒலிக்க வேண்டுமா? டிரிப்பிள் ஆசிலேட்டரைக் கிளிக் செய்து, அலை வடிவத்தைச் சதுரமாக மாற்றுங்கள். அந்தக் காலத்து "பீப்" ஒலி வந்து விடும்.

7. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் லூப்பாக எக்ஸ்போர்ட் செய்யும் வாய்ப்பு ஒன்று இருக்கும். அதில் டிக் செய்திடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் ஒரு பார் அளவுக்கு வெறும் மௌனம் சேர்ந்து விடும். பைல் வகை வேவ் அல்லது ஓ.ஜி.ஜி. ஆக இருக்கட்டும். எம்பி3 வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

8. இப்போது ஆடாசிட்டியில் அந்தப் பைலைத் திறந்திடுங்கள். கண்ட்ரோல் கீயுடன் ஏ அழுத்தினால் முழுவதும் தேர்வாகும். மேலே வட்ட அம்பு போலிருக்கும் லூப் பட்டனை அழுத்தி, ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். இசை சுற்றிச் சுற்றி வரும். கண்களை மூடிக் கொண்டு 10 சுற்று கேளுங்கள். எங்கே மடங்குகிறது என்று தெரிகிறதா? தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

செக்கிங்கில் மாட்டியது

அந்த மகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்து விட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு அனுப்பினாள். 16 விநாடி மெட்டு நன்றாகவே இருந்தது. ஐந்தாறு சுற்று ஓடியிருக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக் கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார்.

"ஏந்தம்பி, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எடத்துல தையல் தட்டுதுங்களே?"

எனக்கும் மகளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கேட்டோம். ஆமாம், சுற்று முடியும் இடத்தில் கண் இமைப்பதைவிடக் குறைவான நேரத்துக்கு ஒரு தடங்கல். பைலைப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதி என்று எம்பி3 ஆகச் சேமித்திருந்தாள். எம்பி3 ஆக மாற்றும்போது பைலின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிதளவு மௌனம் சேர்ந்து விடுகிறது. ஒரு முறை கேட்கும் பாட்டில் இது தெரியாது. சுற்றி வரும் இசையில் விக்கல் போலக் கேட்கும். என் முதல் கேமில் நானே செய்த தவறு இது. விளையாடியவர்கள் சொல்லும் வரை எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா ஆறாவது சுற்றில் பிடித்து விட்டார். தினமும் ஆயிரக்கணக்கான தையலைப் பார்ப்பவர் அல்லவா!

ஓ.ஜி.ஜி. ஆக மறுபடி சேமித்துப் போட்டோம். அம்மா நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டார். "இப்ப பாஸுங்க" என்றார்.

பிறகுதான் அவருடைய முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். "வேலைதானுங்க. ஆனா உடனே சோறு போடாது. பெரிய கம்பெனி ஆர்டர் தரணும்னா மொதல்ல சாம்பிள் காட்டோணும்ல, அது மாதிரி இதுக்கும் பத்துப் பதினஞ்சு சாம்பிள் சேரோணும். அதுக்கு ரெண்டு மூணு வருசம் ஆகும். படிப்பை விட வேண்டாம். கூடவே செய்யட்டும். காலேஜ் முடியறப்ப சாம்பிளைக் கேட்டு நாலு பேர் ஆர்டர் கொடுத்தா இதுலயே போகட்டும். இல்லீன்னாலும் கத்துக்கிட்டது எங்கயும் போயிராது."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். பாடம் முடித்த பிறகு ஒரு மணி நேரம் இசை. கேம் ஆடுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். மகள் ஒப்புக் கொண்டாள். இப்போது அந்த வீட்டில் கேம் ஆடும் நேரம் தானாகவே குறைந்து விட்டது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். பிள்ளை ஆடும் கேமின் ஒலியை ஒரு நாள் முழுவதுமாக நிறுத்தி வைத்து, ஆடச் சொல்லுங்கள். பிறகு ஒலியுடன் ஆடச் சொல்லுங்கள். என்ன மாறியது என்று கேளுங்கள். "நல்லா இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் விளையாடுபவர். "அந்த இடத்துல தாளம் இல்லாம பயமே வரலை" என்று சொன்னால், எல்எம்எம்எஸ் இன்ஸ்டால் செய்து கொடுங்கள்.